ஷவ்வால் 29: மதீனாவின் கிரகணமும் திரும்பி வரும் கணக்கும்

நபி (ஸல்) அவர்கள் பிறந்த திகதி எது என்று கேட்டால் எங்கட ஊர்களில் ரபீஉல் அவ்வல் 12 என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் மௌலானா ஷிப்லி நுஃமானியின் ஸீறா நூலை எடுத்துப் பார்த்தால், அல்லது இப்போது தமிழில் பல வீடுகளிலும் இருக்கும் அர்ரஹீக்குல் மக்தூமைப் புரட்டினால், அங்கே ரபீஉல் அவ்வல் 9, திங்கட்கிழமை, கி.பி. 571 ஏப்ரல் மாதம் என்று இருக்கும். பக்கத்தில் மஹ்மூத் பாஷா அல்ஃபலகீ என்ற பெயரும் இருக்கும். வாசிப்பவர்களில் அநேகர் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் இவர், இத்தனை நூற்றாண்டு கழித்து ஒரு திகதியை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

மஹ்மூத் பாஷா 19ஆம் நூற்றாண்டின் எகிப்திய வானியலாளர். 'ஃபலகீ' என்றால் வானியல்காரர். 1858இல் அவர் பிரெஞ்சு மொழியில், இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்காட்டியைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஹிஜ்ரிக்கு முந்திய மாதங்களை எண்ணிக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் முதலில் ஆட்டங்காணாத ஒரு நாள் வேண்டும். அந்த நாளை அவர் ஓர் அறிவிப்பிலிருந்தல்ல, ஒரு சூரிய கிரகணத்திலிருந்து எடுத்தார்.

அந்தக் கிரகணத்தை நாமெல்லாம் அறிவோம். மாரியா (ரலி) அவர்கள் பெற்ற இப்றாஹீம் பச்சைப் பாலகனாக இருக்கும்போதே மவ்த்தானார்கள். அன்றைக்கே சூரியன் மறைந்தது. இப்றாஹீமின் மவ்த்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று சனங்கள் பேசத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருந்த தகப்பன் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். முஙீரா (ரலி), ஆயிஷா (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) முதலியோர் வழியாக இது ஸஹீஹான கிரந்தங்களில் வந்திருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் ஓர் அறிவிப்பு, நபியவர்கள் காலையில் வாகனத்தில் ஏறி வெளியே போயிருந்ததையும் ளுஹா நேரத்தில் திரும்பி வந்ததையும் சொல்கிறது. ஆகவே அது காலையில் பிடித்த கிரகணம்.

வானியல் கணக்கு என்ன சொல்கிறது? மாரியா (ரலி) மதீனா வந்ததற்கும் நபியவர்களின் வபாத்துக்கும் இடைப்பட்ட சில வருஷங்களுக்குள், மதீனாவில் காலை வேளையில் நன்றாகத் தெரிந்திருக்கக்கூடிய சூரிய கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27, திங்கட்கிழமை வந்தது. மஹ்மூத் பாஷாவின் கணக்கில் காலை எட்டரை மணி அளவு. அது பூரண கிரகணம் அல்ல. சூரியனின் ஒரு பங்கு எப்போதும் வெளியில் தெரிந்துகொண்டேயிருந்த கிரகணம். ஹிஜ்ரியில் அது 10ஆம் ஆண்டு ஷவ்வால் 29. அதிலிருந்து நாற்பது நாள் அளவில் அரஃபாவின் கடைசிப் பேருரை. நாலரை மாதத்தில் நபியவர்களின் வபாத். இந்த வரிசையைத் திகதியோடு பார்க்கிறபோது அந்த மறுப்பின் கனம் எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

இந்த ஷவ்வால் 29ஐ ஆணியாக அடித்துக்கொண்டு மஹ்மூத் பாஷா மாதங்களைப் பின்னுக்கு எண்ணினார். 571இல் ரபீஉல் அவ்வல் 8க்கும் 12க்கும் இடையில் திங்கட்கிழமை 9ஆம் நாளில் மட்டுமே விழுகிறது, அது ஏப்ரல் 20 என்று கண்டார். இதிலே ஒரு பலவீனமான கண்ணி உண்டு. ஜாஹிலிய்யா அரபிகள் 'நஸீஉ' என்று மாதங்களைத் தள்ளிப்போட்டும் கூட்டியும் வந்தார்களே, அதைக் கணக்கில் எடுத்தால் என்ன ஆகும்? மஹ்மூத் பாஷா, மக்காவில் சுத்தமான சந்திரக் கணக்குத்தான் நடந்தது என்று வைத்துக்கொண்டார். அதை ஒப்பாதவர்கள் 571 ஏப்ரலையும் ஒப்பமாட்டார்கள். மவ்லித் எந்த நாளில் என்ற பேச்சுக்கு நான் இங்கே வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: பிறந்த திகதியில் சந்தேகம் இருக்கலாம், கிரகணத்தின் திகதியில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் மிகவும் எளிது. ஆனால் நமது நூல்களில் அது ஒரு பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது.

வாகிதீ முதலிய சரித்திர ஆசிரியர்கள் இப்றாஹீம் மவ்த்தானது ஹிஜ்ரி 10 ரபீஉல் அவ்வல் பிறை 10 என்கிறார்கள். பிறை 10 அன்று சந்திரன் எங்கே நிற்கும்? மஃரிபுக்கு வெளியே வந்து பார்த்தால் தெரியும்: பாதிக்கு மேல் வளர்ந்து வானத்தில் உயரத்தில் நிற்கும். சூரியனுக்கு முன்னால் அது வரவே முடியாது. சூரிய கிரகணம் என்பது சந்திரன் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நிற்பது. அது மாதக் கடைசியில், பிறை 28, 29, 30இல் சந்திரன் கண்ணுக்கு மறைந்திருக்கும்போது மட்டுமே நடக்கும். எனவே ஒன்றில் அன்றைக்குக் கிரகணம் இல்லை, அல்லது அன்று பிறை 10 இல்லை. கிரகணம் ஸஹீஹான அறிவிப்புகளில் இருக்கிறது. விழ வேண்டியது பிறை 10தான்.

எங்கட மத்ஹபில் இந்தக் கேள்வி வேறொரு வாசலால் வந்தது. பெருநாள் தொழுகையும் கிரகணத் தொழுகையும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் தொழுவது என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கிதாபில் ஒரு மஸ்அலா உண்டு. பெருநாள் பிறை 1இல் அல்லது 10இல் வரும், கிரகணம் மாதக் கடைசியில் வரும், இரண்டும் எப்படிச் சேரும் என்று வானியல் தெரிந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் கொடுத்த பதில்களை இமாம் நவவி (ரஹ்) மஜ்மூஃவில் எடுத்துச் சொல்கிறார்கள். அல்லாஹ் எதற்கும் சக்தியுள்ளவன் என்பது ஒன்று. இப்றாஹீம் பிறை 10இல் மவ்த்தானதாக அறிவிப்பு இருக்கிறதே என்பது இன்னொன்று. நடக்காத ஒன்றை வைத்தும் சட்டம் பழகுவது ஃபிக்ஹுக்காரர்களின் வழக்கம் என்பது மற்றொன்று. இந்தக் கடைசிப் பதில் எனக்குப் பிடிக்கும். பரீட்சைக் கேள்வி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு மூளையைத் தீட்டுவதில் பிழையில்லை. ஆனால் பிறை 10 அறிவிப்பை வைத்து வானியல்காரரை மடக்குவது நிற்காது.

நிற்காது என்று காட்டமாகவே எழுதியவர் இப்னு தைமிய்யா (ரஹ்). சந்திரன் மறைந்திருக்கும் மாதக் கடைசியில்தான் சூரிய கிரகணம் என்பது அல்லாஹ் ஓடவிட்ட வழக்கம், பிறை எப்போது தெரியும் என்பதைப் போன்ற ஒன்றுதான் இதுவும், வாகிதீயின் தனித்த அறிவிப்பை இதற்கு எதிரே நிறுத்த முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இப்னு தைமிய்யாவின் பெயரைச் சொன்னாலே எங்கட ஊர்களில் சிலருக்கு முகம் மாறும் என்பது எனக்குத் தெரியும். அப்படியானவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபாவுக்குப் போகலாம். தத்துவவாதிகளை மறுப்பதற்கென்றே எழுதிய அந்தக் கிதாபின் முன்னுரையிலேயே, கிரகணக் கணக்கைத் தாம் மறுக்கப்போவதில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஏனென்றால் அது கணிதத்தால் நிரூபணமானது. அதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது அவர்களின் கருத்து. கஸ்ஸாலியும் இப்னு தைமிய்யாவும் ஒன்றாக நிற்கிற இடங்கள் அதிகமில்லை. இது ஓரிடம்.

இனி, அந்தக் கணக்கு என்ன என்பதற்கு வருவோம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சந்திரன் சூரியன் பக்கம் போகிறதே, அப்படியென்றால் மாதம் ஒரு கிரகணம் வர வேண்டாமா? வராது. சந்திரன் ஓடும் பாதை சூரியன் ஓடும் பாதைக்கு ஐந்து பாகை அளவில் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சூரியனுக்கு மேலாலோ கீழாலோ போய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு சந்திகள் உண்டு. நம்மவர் ராகு கேது என்று கேள்விப்பட்டிருப்பது இவற்றைத்தான். சூரியன் அந்தச் சந்தியருகே நிற்கும் நாட்களில் மாதக் கடைசி வந்தால் கிரகணம். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவில் நேரும்.

இதை நடைமுறையில் பார்க்க கெய்ரோவின் இப்னு யூனுஸிடம் போகலாம். ஃபாத்திமிய்யாக்களின் காலத்தவர், 1009இல் காலமானவர். கலீஃபா ஹாக்கிமின் பேரில் எழுதிய பெரிய வானியல் அட்டவணை நூலில் கிரகணங்களைத் தேடிப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். ஹிஜ்ரி 367 ரபீஉல் ஆகிர் 28, வியாழக்கிழமை, அதாவது 977 டிசம்பர் 13 காலை, கெய்ரோவின் கராஃபா பகுதியிலுள்ள ஒரு பள்ளிவாசலில் அறிஞர்கள் பலர் கூடிக் காத்திருந்தார்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைக்கு மேலும் 16க்குக் கீழும் நிற்கும்போது அதன் விளிம்பில் குறை தெரிந்தது. விட்டத்தில் எட்டு விரல் மறைந்தது என்று வந்திருந்த எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சூரியனின் விட்டத்தைப் பன்னிரண்டு விரலாகப் பிரிப்பார்கள்; எட்டு விரல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. சரியாக ஆறு சந்திர மாதம் கழித்து, அதே வருஷம் ஷவ்வால் 29, சனிக்கிழமை, 978 ஜூன் 8இல், இன்னொரு பகுதிக் கிரகணம். இந்த முறை ஐந்தரை விரல். ஒரே ஊர், ஒரே மனுஷன், ஆறு மாத இடைவெளியில் இரண்டு. இரண்டும் மாதத்தின் கடைசியில். அந்த இரண்டாவது திகதியும் ஷவ்வால் 29 என்பது தற்செயல்தான். என்றாலும் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

பூரண கிரகணத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஓர் ஊருக்குப் பூரண கிரகணம் சராசரியாக 375 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். மனுஷனுக்கு ஆயுளில் பல தடவை கிடைப்பது பகுதிக் கிரகணம். அதிலும் சரித்திரத்துக்கு நிறைய இருக்கிறது. இப்னு யூனுஸ் குறித்த சூரிய உயரங்களை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகம், சந்திரனின் ஓட்டத்தைச் சரிபார்க்க எடுத்தார். பிறகு வந்தவர்கள் பூமியின் சுழற்சி நூற்றாண்டு நூற்றாண்டாக மெதுவாகி வருவதை அளக்கவும் அவற்றையே பயன்படுத்தினார்கள். கராஃபா பள்ளியில் கூடி நின்றவர்கள் பார்த்த அந்த எட்டு விரல் இன்றைக்கும் வேலை செய்கிறது. அவர்களின் காலத்திலேயே கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் கிரகணத்தின் வடிவத்தைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். பகுதிக் கிரகணத்தின்போது சின்னத் துவாரத்தால் வரும் வெளிச்சம் ஏன் பிறை வடிவில் விழுகிறது, துவாரம் பெரிதானால் ஏன் அந்த வடிவம் கெட்டுப்போகிறது என்பது அதன் விஷயம். 2019 டிசம்பர் 26 காலை நமது நாட்டில் கிரகணம் பிடித்தபோது மரநிழல்களில் இலை இடுக்கால் விழுந்த நூற்றுக்கணக்கான குட்டிப் பிறைகளைக் கண்டவர்கள் அந்த நூலின் பாடத்தைத்தான் கண்டார்கள்.

ஆறு மாதத்துக்கொரு முறை என்பது ஓர் ஒழுங்கு. அதைவிடப் பெரிய ஒழுங்கு ஒன்று உண்டு. பாபிலோனியர் அதைக் கண்டுபிடித்தார்கள். கிரேக்கத்தில் தொலமி அதை எழுதினார். அவரது நூல் அல்மஜிஸ்தி என்ற பேரில் பாக்தாதில் அரபியில் வந்தபோது நமது அறிஞர்களும் அதைப் படித்தார்கள். 223 சந்திர மாதங்கள் கழிந்தால் அதே மாதிரியான கிரகணம் திரும்பி வரும். 6585 நாளும் மூன்றில் ஒரு நாளும். ஐரோப்பியர் இதை ஸாரோஸ் என்பார்கள். அந்தப் பேரை 1691இல் எட்மண்ட் ஹாலி பழைய நூலொன்றைப் பிழையாக விளங்கி வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. ஆங்கில மாதத்தில் இந்தக் கணக்கு அலங்கோலமானது: 18 வருஷம், 11 நாள் (சில வேளை 10), 8 மணித்தியாலம். ஹிஜ்ரிக் கணக்கில் பாருங்கள்: 223 மாதம் என்றால் சுத்தமாக 18 வருஷம் 7 மாதம். நாளைக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். பிறையை வைத்து மாதம் எண்ணுபவனுக்கு இதைவிட இலேசான கிரகணக் கணக்கு இல்லை.

ஏன் 223? மூன்று வெவ்வேறு சுற்றுகள் அங்கே ஒன்றுக்கொன்று சந்திக்கின்றன. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.53 நாள். சந்திரன் ஒரு சந்தியிலிருந்து புறப்பட்டு அதே சந்திக்குத் திரும்ப 27.21 நாள். பூமிக்கு மிகக் கிட்டிய இடத்திலிருந்து திரும்பவும் கிட்டிய இடத்துக்கு வர 27.55 நாள். முதலாவது 223 தடவையும், இரண்டாவது 242 தடவையும், மூன்றாவது 239 தடவையும் சுற்றி முடிக்கும்போது மூன்றும் 6585 நாளுக்குச் சற்று மேலாக, கால் நாளுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. சந்திரன் அதே சந்தி, அதே தூரம், அதே அமாவாசை. ஆனபடியால் அதே சாயலில் கிரகணம்.

அந்த மிச்சமுள்ள 8 மணித்தியாலம்தான் விளையாட்டுக் காட்டுவது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். மதீனாவில் காலையில் தெரிந்த 632ஆம் ஆண்டுக் கிரகணத்தின் அடுத்த வாரிசு, 18 வருஷம் 7 மாதம் கழித்து, ஹிஜ்ரி 29 ஜுமாதல் ஊலாவின் கடைசியில், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் வந்தது. ஆனால் மேற்கே உலகத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. மூன்று தடவை சேர்த்தால், அதாவது 55 வருஷம் 9 மாதம் கழித்து, ஹிஜ்ரி 66 றஜப் கடைசியில்தான் அந்தக் குடும்பம் அதே திசைக்குத் திரும்பியது. ஓர் ஊரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இந்தச் சுற்று பிடிபடாததற்குக் காரணம் இதுதான். இப்னு யூனுஸ் போன்றவர்கள் சுற்றை மட்டும் நம்பாமல் முழு அட்டவணையும் போட்டுக் கணித்ததற்கும் இதுவே காரணம்.

'குடும்பம்' என்று சொன்னேன். அது சும்மா சொன்ன வார்த்தையல்ல. ஒவ்வொரு ஸாரோஸுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. பூமியின் ஒரு துருவத்தில் சூரியனை இலேசாகக் கடித்துச் செல்லும் ஒரு பகுதிக் கிரகணமாகப் பிறக்கும். 18 வருஷத்துக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். நடுவயதில் பூரணமாகவோ வளையமாகவோ பிடிக்கும். பிறகு மறு துருவத்தில் மறுபடியும் பகுதிக் கிரகணமாகத் தேய்ந்து மறையும். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்க்கலாம். வானியலாளர் அதற்கு 136 என்று இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது பிறந்தது 1360 ஜூன் 14, ஹிஜ்ரி 761 றஜப் கடைசி. இப்னு பதூதா இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறிப்போய் பதினாறு வருஷம். முதல் எட்டுத் தடவையும் தெற்கே வெறும் பகுதிக் கிரகணம்தான், கண்டவர் யாருமிருந்திருக்கமாட்டார்கள்.

இந்தக் குடும்பம் எங்கட திசைக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன். 1901 மே 18, ஹிஜ்ரி 1319 முஹர்ரம் கடைசி: பூரண நிழல் மொரீஷியஸைத் தொட்டுச் சுமாத்ராவின் மேலால் போனது. 55 வருஷம் 9 மாதம் கழித்து 1955 ஜூன் 20, ஹிஜ்ரி 1374 ஷவ்வால் கடைசி: நிழல் வடக்கே நகர்ந்து இலங்கையின் குறுக்கே, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று போனது. அதன் உச்சம் தென்சீனக் கடலில், 7 நிமிஷம் 8 செக்கன்; 20ஆம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது. பொலன்னறுவைப் பக்கம் கருவிகளோடு வந்து காத்திருந்த வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு முகில் மறைத்துவிட்டது. அந்தக் கிரகணத்தின்போது வசம்பை அரைத்துக் குடித்தால் நிறம் வெளுக்கும் என்று நாட்டில் ஒரு கதை பரவி, குடித்த பெண்கள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லுவார்கள். கிரகணத்தோடு கதை கட்டுவது மதீனாவோடு முடிந்த பழக்கமில்லை. இன்னொரு 55 வருஷம் 9 மாதம் கழித்து 2009 ஜூலை 22, ஹிஜ்ரி 1430 றஜப் 29: நிழல் இன்னும் வடக்கே, சூரத், பாட்னா, ஷாங்ஹாய். நமக்கு அன்று காலையில் பகுதிக் கிரகணம் மட்டும். சுமாத்ரா, இலங்கை, வட இந்தியா: ஒரே குடும்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு படி வடக்கே ஏறியிருக்கிறது. 1919இல் எடிங்டன் ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதித்த கிரகணமும் இதே குடும்பம்தான். கடைசியில் 2622இல் வடதுருவத்தருகே ஒரு பகுதிக் கிரகணத்தோடு இது மவ்த்தாகும்.

2009 றஜபோடு 18 வருஷம் 7 மாதத்தைக் கூட்டினால் 1449 ஸபர் கடைசி வரும். ஆங்கிலத் திகதி 2027 ஓகஸ்ட் 2. அந்தத் தடவை பூரண நிழல் எகிப்தின் லக்ஸரால் வந்து செங்கடலைத் தாண்டி ஜித்தாவையும் மக்காவையும் மூடும். மக்காவில் லுஹர் நேரத்தை ஒட்டி ஏறக்குறைய ஐந்து நிமிஷம் இருட்டு. மதீனா நிழலின் வெளியே நிற்கும். ஹிஜ்ரி 10இல் போலவே அங்கு சூரியன் பெரும்பாலும் மறைந்து, முழுதாக மறையாமல் இருக்கும். இலங்கையில் நமக்குப் பின்னேரம் பகுதிக் கிரகணம். அஸர் தொழுத பிறகு நஃபில் தொழலாமா என்று அன்றைக்குப் பள்ளிகளில் கட்டாயம் கேள்வி வரும். ஷாஃபிஈ மத்ஹபில் கிரகணத் தொழுகை காரணமுள்ள தொழுகை, அந்த நேரத்தில் தடையில்லை. ஆனால் கிரகணம் விலகிவிட்டாலோ, பிடித்தபடியே சூரியன் அஸ்தமித்துவிட்டாலோ அதன் நேரம் தப்பிவிடும், களாவும் இல்லை.